ஃபால்ட்ஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: சனி ஞாயிறை எங்கே, யாரோடு கழிப்பது

ஜெர்மனிக்கு வேலைக்கு வரும் நம் ஆட்களில் பலர் ஃபால்ட்ஸ் என்ற, நாட்டின் தென்மேற்கில் இருக்கும் இந்தத் திராட்சை வட்டாரத்தின் பெயரையே வந்து இறங்கிய பிறகுதான் கேள்விப்படுகிறார்கள். லுட்விக்ஸ்ஹாஃபனில் பிஏஎஸ்எஃப் ரசாயன நிறுவனம், ரைன் நதிக்கு அந்தப் பக்கம் மான்ஹைம், இன்னும் கொஞ்சம் தள்ளி வால்டோர்ஃபில் எஸ்ஏபி மென்பொருள் நிறுவனம் என்று வேலை கிடைத்து வருவார்கள், வாடகை கட்டுப்படியாகாமலோ, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மண்ணும் மரமும் இருக்கட்டும் என்றோ நொய்ஷ்டாட், பாட் டூர்க்ஹைம் பக்கம் வீடு பார்ப்பார்கள், குடியேறி ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலைத் திறந்தால் தெருவில் ஈ காக்கா இருக்காது. கடைகள் பூட்டிக் கிடக்கும். எதிர்வீட்டுக்காரர் கார்கூடக் கழுவ மாட்டார். இந்த ஊரில் மனுஷர்களே இல்லையா என்று தோன்றும். இருக்கிறார்கள். எல்லோரும் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் எங்கோ ஒரு நீள பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த பெஞ்சுக்கு எப்படிப் போய்ச் சேருவது, போய் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வருஷத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் செய்வது ஒன்று உண்டு: லீவு ஒட்டிவரும் ஒவ்வொரு வார இறுதிக்கும் பாரிஸ், பிராக், சுவிஸ் என்று ஓடுவது. ஓடுங்கள், யார் வேண்டாம் என்றது. ஆனால் அதையே செய்துகொண்டிருந்தால் ரெண்டு வருஷம் கழித்தும் ஊரில் உங்களைப் பார்த்துக் கையசைக்க ஆள் இருக்காது. இங்கே இருப்பவர்கள் வலிய வந்து வீட்டுக்குக் கூப்பிடுகிற ரகம் இல்லை. ஆனால் பொது இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் முன்பின் தெரியாதவரிடமும் தாராளமாகப் பேசுவார்கள். அதனால் ஒரே இடத்துக்கு, அதே ஆட்கள் வரும் நேரமாகப் பார்த்து, திரும்பத் திரும்பப் போக வேண்டும். வேறு சூட்சுமம் எதுவும் இல்லை.

முதலில் டிக்கெட்

கார் வாங்குவதைத் தள்ளிப் போட்டுவிட்டு முதலில் டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுங்கள். 2023இல் 49 யூரோவில் ஆரம்பித்தது, 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63. நாடு முழுக்க உள்ளூர் ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் செல்லும், விரைவு ரயில்களில் செல்லாது. சந்தா என்பதால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும்.

இடம் எப்படி இருக்கிறது என்பதை மனதில் வரைந்துகொண்டால் போதும். வைன்ஷ்ட்ராஸே, அதாவது இந்தத் திராட்சை ஊர்களைக் கோர்த்துக்கொண்டு போகும் சாலை, 1935இல் அறிவிக்கப்பட்டது. வடக்கே பொக்கன்ஹைமில் தொடங்கித் தெற்கே பிரான்ஸ் எல்லையில் ஷ்வைகனில் முடிகிறது, ஏறத்தாழ 85 கிலோமீட்டர். மேற்கே காடும் மலையும், கிழக்கே ரைன் சமவெளி, நடுவில் தோட்டமும் ஊர்களும். மான்ஹைமிலிருந்து நொய்ஷ்டாட்டுக்கு எஸ்-பான் என்ற புறநகர் ரயிலில் அரை மணி நேரம். பாட் டூர்க்ஹைமுக்கு மான்ஹைம் நகருக்குள்ளேயே ஏறலாம், 4ஆம் எண் டிராம் நேராகத் தோட்டங்களுக்கு நடுவே போய் நிற்கும்.

போவது எளிது, திரும்புவதில்தான் சிக்கல். சின்ன ஊர்களில் வார இறுதி பஸ் சாயங்காலத்தோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு ரூஃப்டாக்ஸி என்று ஒன்று சில தடங்களில் ஓடும், அட்டவணையில் இருக்கும் ஆனால் முன்கூட்டியே போன் செய்து சொன்னால்தான் வரும். நிறுத்தத்தில் நின்று கைகாட்டினால் வராது, ஏனென்றால் வண்டியே கிளம்பியிருக்காது. புறப்படும் முன்பே கடைசி வண்டி எப்போது என்று பார்த்து வையுங்கள்.

பெஞ்சில் உட்காருவது

மார்ச் முதல் அக்டோபர் வரை ஏதாவது ஓர் ஊரில் வைன்ஃபெஸ்ட் நடந்துகொண்டே இருக்கும். பெரிய திருவிழாவுக்கு முதலில் போகாதீர்கள். உங்கள் ஊரிலோ அடுத்த ஊரிலோ நடக்கும் சின்ன விழாவுக்கு, அதுவும் சனிக்கிழமை நாலு மணி வாக்கில் போங்கள். அந்த நேரத்தில் பாட்டி தாத்தாக்களும் குழந்தைகளோடு வந்த குடும்பங்களும் இருப்பார்கள், பாட்டுச் சத்தம் பேச்சை அமுக்காது, யாருக்கும் போதை தலைக்கேறியிருக்காது. ராத்திரி பத்துக்கு மேல் அது வேறு விழா. பெண்கள் தனியாகப் போனால் அதற்கு முன்பே கிளம்பிவிடுவது நிம்மதி.

காலி மேஜை தேடாதீர்கள், கிடைக்காது, கிடைத்தாலும் அது தண்டம். ஆட்கள் உட்கார்ந்திருக்கும் நீள மேஜையில் ரெண்டு இடம் காலியாக இருந்தால் பக்கத்தில் போய் "இஸ்ட் ஹியர் நொஹ் ஃப்ரை?" என்று கேளுங்கள். இங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்பது போலத்தான். பெரும்பாலும் பதிலுக்கு ஒருவர் நகர்ந்து இடம் விட்டு, "ஹொக் டிஹ் ஹெர்" என்பார். நீங்கள் படித்த ஜெர்மன் பாடத்தில் இது இருக்காது, வந்து உட்கார் என்று அர்த்தம். மேஜையில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேருக்கும் கைகொடுக்கத் தேவையில்லை, விரல் முட்டியால் மேஜையை ரெண்டு தட்டுத் தட்டினால் எல்லோருக்கும் வணக்கம் சொன்னதாகிவிடும். கிளம்பும்போதும் அதேதான்.

அடுத்தது குடிப்பது. ஃபால்ட்ஸின் தேசிய பானம் ஷோர்லே: வைனும் சோடாத் தண்ணீரும் கலந்தது. மற்ற ஊர்களில் இது பாதிக்குப் பாதி இருக்கும், இங்கே தண்ணீரைக் கண்ணில் காட்டினால் போதும் என்று ஊற்றுவார்கள். வருவதும் அரை லிட்டர் கிளாஸில். டுப்பெகிளாஸ் என்பார்கள், மேலே அகன்று கீழே குறுகி, உடம்பெல்லாம் கட்டைவிரல் பதிகிற அளவு குழிகுழியாக இருக்கும், கை எண்ணெயாக இருந்தாலும் நழுவாது. கிளாஸுக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பும். சுண்டி இழுக்கிற மாதிரி குளிர்ச்சியாக, லேசாகப் புளிப்பாக இருப்பதால் மோர் குடிப்பது போல மடமடவென்று இறங்கிவிடும். ரெண்டாவது கிளாஸ் முடிந்து எழுந்து நிற்கும்போதுதான் விஷயம் புரியும். ஒரு கிளாஸ் ஷோர்லே, ஒரு பாட்டில் தண்ணீர், நடுவில் சாப்பாடு என்ற கணக்கில் போனால் தப்பித்தீர்கள்.

இனி நம் ஆட்களுக்கே உரிய ஒரு சங்கடம். இந்த அரை லிட்டர் கிளாஸை ஒருவர் வாங்கி வந்து, தான் ஒரு வாய் குடித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவார். அவர் குடித்துவிட்டு அடுத்தவரிடம். கிளாஸ் மேஜையைச் சுற்றி வரும், உங்களிடமும் வரும். அண்ணாந்து ஊற்றிக்கொள்ள இது சொம்பு இல்லை. எச்சில் என்ற பேச்சையே இவர்கள் கேள்விப்பட்டதில்லை, அவர்கள் கணக்கில் கிளாஸை நீட்டுவது உங்களை மேஜையில் சேர்த்துக்கொண்டதற்கு அடையாளம். மனம் ஒப்பினால் ஒரு வாய் குடித்துவிட்டுக் கடத்துங்கள். ஒப்பவில்லையென்றால் முகத்தைச் சுளிக்காமல், உங்களுக்கென்று ஏற்கெனவே ஒரு கிளாஸ் கையில் வைத்திருந்தால் போதும், அதைத் தூக்கிக் காட்டி "சும் வோல்" என்று சொல்லிவிடலாம். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். இதற்காகவே நான் உட்காருவதற்கு முன்பே என் கிளாஸை வாங்கிவிடுவேன். இன்னொன்று, கிளாஸ் முட்டும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும். கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தால் சிரித்துக்கொண்டே திட்டுவார்கள்.

என்ன பேசுவது? சம்பளம், வீட்டு வாடகை, கல்யாணம் ஏன் ஆகவில்லை, இதெல்லாம் வேண்டாம். இந்த வருஷம் மழை எப்படி, அறுவடை எப்போது, காட்டுக்குள் இருக்கும் குடில்களில், அதாவது ஹுட்டெக்களில், எது நன்றாக இருக்கும் என்று கேளுங்கள், ஆளுக்கொரு பதில் சொல்லி அவர்களுக்குள்ளேயே சண்டை வந்துவிடும், உங்களுக்கு வேலை மிச்சம். கால்பந்து பேசுகிறவர்கள் என்றால் கைசர்ஸ்லௌட்டர்ன் கிளப்பைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்துவிடுங்கள். 1954இல் உலகக் கோப்பை வென்ற ஜெர்மன் அணியில் ஐந்து பேர் அந்த ஒரே கிளப்பிலிருந்து வந்தவர்கள், ஃப்ரிட்ஸ் வால்டர்தான் கேப்டன், ஸ்டேடியத்துக்கே அவர் பெயர். அந்தக் கிளப் இப்போது எப்படி ஆடுகிறது என்பதை மட்டும் நீங்களாக வாய் திறந்து சொல்லிவிடாதீர்கள்.

வட்டார மொழி புரியாது. ஜெர்மன் மொழியில் பி1 நிலைத் தேர்வு எழுதி முடித்தவருக்கும் புரியாது. "கொஞ்சம் மெதுவாக" என்று கேட்டால் ஒரு நிமிஷம் சுத்தமான ஜெர்மனில் பேசிவிட்டு மறுபடி பழையபடி ஓட ஆரம்பித்துவிடுவார்கள். பரவாயில்லை. நாலு வாரம் காதில் விழுந்தால் பாதி பிடிபடும்.

குடிக்காதவர்களும் சைவர்களும்

இந்தப் பகுதிக்கு வரும் நம்மவர்களில் பலர் குடிக்க மாட்டார்கள் என்பதாலேயே இந்த விழாக்களை ஒதுக்கிவிடுகிறார்கள். அவசியமே இல்லை. திராட்சை விளையும் ஊரில் திராட்சைச் சாறும் நன்றாக இருக்கும். ட்ரௌபன்சாஃப்ட்ஷோர்லே என்று கேட்டால் அதே அரை லிட்டர் கிளாஸில் சாறும் சோடாவும் கலந்து கொடுப்பார்கள். வண்டி ஓட்டுகிறவர், கர்ப்பிணி, மருந்து சாப்பிடுகிறவர் என்று ஒவ்வொரு மேஜையிலும் ஒருவராவது அதைத்தான் குடித்துக்கொண்டிருப்பார். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால் "பிடிக்காது" என்றாலே முடிந்தது. விளக்கம் சொல்ல ஆரம்பித்தால்தான் நீளும்.

சாப்பாடுதான் கொஞ்சம் போராட்டம். ஊரின் பெருமைக்குரிய உணவு ஸௌமாகன்: பன்றி வயிற்றுக்குள் உருளைக்கிழங்கும் பன்றி இறைச்சியும் மசாலாவும் அடைத்து வேகவைத்து, துண்டு போட்டு வறுத்துக் கொடுப்பார்கள். சான்சலராக இருந்த ஹெல்முட் கோல் இந்தப் பக்கத்துக்காரர், வெளிநாட்டுத் தலைவர்களை டைடஸ்ஹைமுக்கு அழைத்து வந்து இதைப் பரிமாறினார். மற்றபடி ஈரல் உருண்டை, சாஸேஜ், எல்லாம் பெரும்பாலும் பன்றி அல்லது மாடு. ஹலால் பார்ப்பவர்களும் சைவர்களும் கேட்க வேண்டியது வைஸர் கேஸ்: கெட்டித் தயிர் மாதிரியான வெள்ளைப் பாலாடைக்கட்டியில் வெங்காயம், வெங்காயத்தாள் கலந்து, தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கோடு வைப்பார்கள். எதிர்பார்ப்பதைவிட நன்றாக இருக்கும். ஊறுகாய் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும், அது உங்கள் கைவசம். டாம்ஃப்னூடல் என்ற பெரிய ஆவி பன் வரும், அடியில் உப்புப் பொருக்கு, அதை வெனிலா சாஸில் தொட்டுச் சாப்பிடுவார்கள். சாஸ் வைனில் செய்ததாகவும் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கூழும் கிடைத்தால் குழந்தைகள் விட மாட்டார்கள். வெங்காயக் கேக், உருளைக்கிழங்கு சூப் இரண்டும் சைவம் போலத் தெரியும், பெரும்பாலும் உள்ளே பன்றிக்கொழுப்புத் துண்டு கிடக்கும். "ஓனே ஃப்ளைஷ், ஓனே ஷ்பெக்", அதாவது இறைச்சி இல்லாமல், பன்றிக்கொழுப்பு இல்லாமல் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், வெறும் ஃப்ளைஷ் இல்லாமல் என்றால் ஷ்பெக்கைக் கணக்கில் எடுக்காதவர்கள் உண்டு.

தோட்டக்காரர் வீட்டு முற்றம்

விழா இல்லாத வாரங்களுக்கு ஷ்ட்ரௌஸ்விர்ட்ஷாஃப்ட். வைன் தயாரிக்கும் குடும்பம் தங்கள் முற்றத்தையோ கொட்டகையையோ திறந்து, சொந்த வைனையும் எளிய சாப்பாட்டையும் விற்பது. தனி உணவக உரிமம் தேவையில்லை, பதிலுக்குச் சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது: வருஷத்தில் நாலு மாதத்துக்கு மேல் கூடாது, 40 இருக்கைக்கு மேல் கூடாது. அதனால் இடம் சின்னது, விலை குறைவு, பரிமாறுவது அந்த வீட்டு ஆட்களே. வாசலில் இலைக்கொத்தோ மாலையோ தொங்கினால் திறந்திருக்கிறது என்று பொருள். எந்த மாதங்களில் திறப்பார்கள் என்பது வீட்டுக்கு வீடு மாறும், ஒருமுறை போனால் சீட்டு கொடுப்பார்கள். பணத்தாள் கொண்டு போங்கள்.

வைன் ருசி பார்க்கப் போவதென்றால் சனிக்கிழமை காலை நல்ல நேரம், ஞாயிறு பெரும்பாலும் மூடியிருக்கும். பெரிய கேட்டில் மணியை அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அந்த வீட்டு அம்மா சமையலறையிலிருந்தே கை துடைத்துக்கொண்டு வருவார். வைனைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது குறையே இல்லை, "ட்ரொக்கன் (இனிப்பில்லாதது) வேண்டாம், கொஞ்சம் இனிப்பாக" என்று சொன்னால்கூடப் போதும், ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை வைனில் நாலு வகை எடுத்து வைப்பார். ருசி பார்த்ததை எல்லாம் விழுங்கத் தேவையில்லை, துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். ஆனால் அரை மணி நேரம் அவரைப் பேசவைத்துவிட்டு வெறுங்கையோடு கிளம்புவது அழகில்லை. ரெண்டு மூன்று பாட்டில் வாங்குங்கள். அடுத்த முறை போகும்போது உங்கள் முகம் அவருக்கு ஞாபகம் இருக்கும், அதுதான் நமக்கு வேண்டியது.

காட்டுக்குள்ளே

எனக்குக் கேட்டால் ஃபால்ட்ஸின் உண்மையான சமூக வாழ்க்கை வைன் விழாவில்கூட இல்லை, காட்டுக்குள் இருக்கும் ஹுட்டெக்களில் இருக்கிறது. ஃபெல்சர்வால்ட் ஃபெரைன் என்று 1902இல் தொடங்கிய நடைப்பயணச் சங்கம் ஒன்று உண்டு. அதன் கிளைகளும் வேறு சங்கங்களும் சேர்ந்து காடு முழுக்க நூற்றுக்கும் அதிகமான குடில்களை நடத்துகின்றன. பெரும்பாலானவற்றில் வேலை செய்வது சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை, சங்கத்து உறுப்பினர்கள் முறைபோட்டு வருகிறார்கள். 2021இல் இந்தக் குடில் பழக்கத்தை ஜெர்மனியின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள்.

மலையேறிப் போனால் மரங்களுக்கு நடுவே ஒரு கட்டிடம், வெளியே நீள மேஜைகள், புகைபோக்கியில் புகை. சாப்பாட்டுக்கு ஒரு ஜன்னல், குடிப்பதற்கு இன்னொரு ஜன்னல், ரெண்டுக்கும் தனித்தனி வரிசை. முன்னால் நிற்கும் எழுபது வயதுக்காரர் ஏப்ரன் கட்டிய பெண்மணியிடம் ஐந்து நிமிஷம் குடும்பக் கதை பேசுவார், பின்னால் யாரும் பெருமூச்சு விட மாட்டார்கள், நீங்களும் விடாதீர்கள். தட்டை நீங்களே எடுத்துப் போய், சாப்பிட்டு, நீங்களே திருப்பி வைக்க வேண்டும். கார்டு பல இடங்களில் செல்லாது. பல குடில்களில் குடிக்க ஏதாவது வாங்கினால் சாப்பாடு நீங்கள் கொண்டுபோனதைச் சாப்பிடலாம் என்பது பழைய வழக்கம், ஜன்னலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உங்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். வாசனைக்கு எதிர் பெஞ்சிலிருந்து கேள்வி வரும். ஒரு ஸ்பூன் கொடுத்தால் அறிமுகம் முடிந்தது.

முதல் நடைக்கு ஒரு வழி சொல்கிறேன். நொய்ஷ்டாட் ரயில் நிலையத்திலிருந்து ஹம்பாஹ் கோட்டைக்கு பஸ் இருக்கிறது. 1832 மே 27 அன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கருப்பு சிவப்பு பொன் கொடியோடு ஏறிப்போய் ஒரே நாடு, சுதந்திரம் என்று முழங்கிய இடம், ஜெர்மன் ஜனநாயகம் இங்கேதான் பிறந்தது என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள், மாடத்திலிருந்து ரைன் சமவெளி முழுக்கத் தெரியும். அங்கிருந்து காட்டுக்குள் ஏறினால் ஹோஹெ லோக் குடில். தெம்பு இருந்தால் தொடர்ந்து கால்மிட் உச்சி வரை, 673 மீட்டர், இந்தக் காட்டிலேயே உயரமானது, அங்கேயும் ஒரு குடில் உண்டு. பிறகு மைக்காமருக்கோ சாங்ட் மார்ட்டினுக்கோ இறங்கி பஸ் பிடிக்கலாம். மரத்தில் வரைந்திருக்கும் வண்ணக் குறிகளைப் பின்பற்றினால் வழி தவறாது. குழந்தைகளோடு என்றால் எடன்கோபனில் ரீட்புர்க் நாற்காலி லிஃப்ட் எளிது. குடில்கள் பெரும்பாலும் சனி ஞாயிறும் புதன்கிழமையும் திறந்திருக்கும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் முழங்கால் பின்புறம், அக்குள் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், குழந்தைகளுக்குக் காது பின்னாலும்.

நாலைந்து முறை போய் முகம் பழகிய பிறகு, அந்த ஊர்க் கிளையில் உறுப்பினராகி, குடில் வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்பார்கள், அங்கே எப்போதும் இளைஞர்கள் பஞ்சம். ஒரு ஞாயிறு முழுக்கப் பாத்திரம் கழுவி ஷோர்லே ஊற்றினால் ஆறு மாத மொழி வகுப்பில் கிடைக்காத ஜெர்மன் கிடைக்கும்.

எந்த மாதம் எங்கே

மார்ச்சில் பாதாம் மரங்கள் பூக்கும். நொய்ஷ்டாட்டைச் சேர்ந்த கிம்மெல்டிங்கனில் விழா எடுப்பார்கள், தேதி பூவின் கையில் இருப்பதால் கொஞ்ச நாள் முன்னால்தான் அறிவிப்பார்கள், அன்று கார் நிறுத்த இடமே கிடைக்காது. விழாவுக்கு முந்தைய வார நாளில் சாயங்காலம் போய்ப் பாருங்கள், அதே ரோஜா நிற மரங்கள்தான், கூட்டம் இருக்காது. பெந்தெகொஸ்தே முடிந்த செவ்வாய்க்கிழமை டைடஸ்ஹைமில் ஒரு கிடாயை ஏலம் விடுவார்கள், லாம்ப்ரெஹ்ட் ஊர் மேய்ச்சல் உரிமைக்காகக் கொடுத்துவந்த வரி அது, இன்றும் நடக்கிறது. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு வைன்ஷ்ட்ராஸே முழுக்கக் கார்களுக்கு மூடப்படும், சைக்கிள் இல்லையென்றால் அந்த ஒரு நாளுக்காவது வாடகைக்கு எடுங்கள்.

செப்டம்பர் இரண்டாம், மூன்றாம் வார இறுதிகளில் பாட் டூர்க்ஹைமில் வூர்ஸ்ட்மார்க்ட். பெயர் சாஸேஜ் சந்தை, ஆனால் உலகிலேயே பெரிய வைன் விழா என்று சொல்லிக்கொள்வார்கள், ஆறு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வருகிறார்கள். பெரிய கூடாரங்களை விட்டுவிட்டு ஷூப்கேர்ஹ்லர் என்ற சின்னக் கடைகளுக்குப் போங்கள், குறுகிய பெஞ்சில் தோளோடு தோள் இடிக்க உட்காருவார்கள். பக்கத்திலேயே 1934இல் கட்டிய ராட்சத மரப்பீப்பாய் நிற்கும், 17 லட்சம் லிட்டர் கொள்ளும், ஆனால் ஒரு சொட்டு வைன் ஊற்றியதில்லை, உள்ளே உணவகம். செப்டம்பர் கடைசியிலிருந்து நொய்ஷ்டாட் விழா.

அதே சமயம் நொயர் வைன் வரும், இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் கலங்கலான புது வைன். காற்று வெளியேற வேண்டும் என்பதால் மூடியை இறுக்க மாட்டார்கள். பாட்டிலைப் படுக்கவைத்துப் பையில் போட்டால் ரயிலில் லேப்டாப்போடு சேர்ந்து எல்லாம் குளித்துவிடும், நிறுத்தியே பிடித்துக்கொண்டு வர வேண்டும். அதிகம் குடித்தால் வயிறும் நொதிக்கும். அக்டோபரில் காட்டோரம் செஸ்ட்நட் கொட்டிக் கிடக்கும், வீட்டுக்குத் தேவையான அளவு பொறுக்கலாம். தோட்டத்துத் திராட்சையை மட்டும் ஒரு குலைகூடப் பறிக்காதீர்கள், அது திருட்டுதான். அறுவடைக்கு ஒரு கை கொடுக்கக் கூப்பிட்டால் போங்கள், மத்தியானச் சாப்பாட்டு மேஜை அருமையாக இருக்கும். கூலி உண்டு என்றால் உங்கள் விசா நிபந்தனை அனுமதிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டிசம்பரில் டைடஸ்ஹைம் கிறிஸ்துமஸ் சந்தை, வார இறுதிகளில் மட்டும்.

மழை நாளுக்கு ஷ்பையர். 1981இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பேராலயம் பெரியவர்களுக்கு, ஜம்போ விமானத்தைத் தூணில் ஏற்றி வைத்திருக்கும் டெக்னிக் மியூசியம் பிள்ளைகளுக்கு. நல்ல வெயில் நாளுக்கு ஷ்வைகனில் வைன்ஷ்ட்ராஸே முடியும் இடத்தில் நிற்கும் பெரிய வாசலிலிருந்து தோட்டங்கள் வழியாக எல்லை தாண்டி பிரான்ஸின் விஸெம்பூர் வரை ஒரு மணி நேர நடை, அங்கே பிரெஞ்சு பேக்கரி. பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் எடுத்துப் போங்கள், எல்லையில் கேட்டாலும் கேட்பார்கள்.

ஃபெரைனும் வீட்டு அழைப்பும்

சங்கம் இல்லாமல் ஜெர்மன் ஊர் இல்லை. டேபிள் டென்னிஸ், பாட்டு, தீயணைப்பு, தோட்டம், எதற்கும் ஃபெரைன் உண்டு. சேருவதற்கு முன் ரெண்டு மூன்று முறை சும்மா வந்து பார்க்க விடுவார்கள், ஷ்னுப்பர்ட்ரெய்னிங் என்று கேளுங்கள். குழந்தை இருந்தால் உடற்பயிற்சிச் சங்கத்தின் குழந்தைகள் வகுப்பில் சேர்த்துவிட்டு மற்ற பெற்றோரோடு ஓரத்தில் நில்லுங்கள். சந்தா குறைவு, ஆனால் விலகுவதை எழுத்தில், விதியில் சொன்ன தேதிக்குள் சொல்ல வேண்டும். பயிற்சியைவிடப் பயிற்சி முடிந்து உட்காரும் அரை மணி நேரம் முக்கியம், வேலை இருக்கிறது என்று அதைத் தவிர்த்துவிட்டு எனக்கு நண்பர்களே இல்லை என்று புலம்பக்கூடாது.

"ஒருநாள் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே தேதி கேளுங்கள். மூன்று வாரம் கழித்து ஒரு நாளைச் சொல்வார்கள், அது புறக்கணிப்பு இல்லை, அவர்கள் நாட்குறிப்பு அப்படி. வீட்டுக்குக் கூப்பிட்டால் சொன்ன நேரத்துக்குப் போங்கள். வைன் குடும்பத்துக்கு சூப்பர்மார்க்கெட் வைனை எடுத்துப் போகாதீர்கள், தயவுசெய்து. முறுக்கோ மைசூர்பாகோ போதும், டப்பா திரும்பி வரும்போது உள்ளே அவர்கள் வீட்டு அத்திப்பழ ஜாம் இருக்கும். பிறந்தநாள் வாழ்த்தை ஒருநாள் முன்னதாகச் சொல்லிவிடாதீர்கள், அபசகுனம் என்பார்கள். நீங்கள் திருப்பிக் கூப்பிடும்போது மசால் தோசை போடுங்கள், காரத்தைப் பாதியாக்கி. உருளைக்கிழங்கைத் தெய்வமாகக் கொண்டாடும் ஊர் இது.

கார் வாங்கியே தீருவேன் என்றால்: இந்திய உரிமம் இங்கே குடியேறிய ஆறு மாதம்தான் செல்லும், அப்புறம் எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுத வேண்டும். ரத்த ஆல்கஹால் வரம்பு 0.5 ப்ரோமிலெ (ஆயிரத்தில் அரைப் பங்கு), புதிதாக உரிமம் எடுத்து முதல் ரெண்டு வருஷச் சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கும் 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் பூஜ்யம். ஃபால்ட்ஸ் ஷோர்லே ஒன்று குடித்துவிட்டு ஓட்டலாமா என்று யோசிப்பதே வேண்டாம். சைக்கிளுக்கும் வரம்பு உண்டு.

கடைசியாக ஒன்று. பழகிய பிறகு யாராவது உங்களை எல்வெட்ரிட்ஷெ வேட்டைக்குக் கூப்பிடுவார்கள். பாதி கோழி, பாதி காட்டு ஜந்து, சில சமயம் கொம்பும் இருக்கும் பறவை, நொய்ஷ்டாட்டில் அதற்கு ஒரு நீரூற்றே கட்டியிருக்கிறார்கள். கையில் ஒரு சாக்கும் விளக்கும் கொடுத்து, ராத்திரி காட்டில் ஓர் இடத்தில் நிறுத்தி, நாங்கள் அந்தப் பக்கமிருந்து விரட்டிவிடுகிறோம், சாக்கைத் திறந்து பிடித்துக்கொள் என்பார்கள். அப்படி ஒரு பறவை கிடையாது. அவர்கள் நேராக வைன் கடைக்குப் போய் உட்கார்ந்திருப்பார்கள். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாமல் சாக்கை வாங்கிக்கொண்டு போங்கள், கனமான ஜாக்கெட் போட்டுக்கொண்டு, போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. பத்து நிமிஷம் நின்றுவிட்டு நீங்களும் கடைக்கு வந்தால், அன்றைய பில்லை உங்களைக் கொடுக்க விட மாட்டார்கள்.